மஸ்கட்டிலிருந்து வந்த மீடியம்

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ரேஷன் கடைத் தராசை நம்ப மாட்டேன். “இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்” என்று சொல்லும் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பரை நம்ப மாட்டேன். ஆனால் என் சுடிதாரின் கழுத்துக்குப் பின்னால், உள்பக்கமாகத் தைத்திருந்த ஒரு சின்னத் துணித் துண்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அதில் ‘எம்’ என்று போட்டிருந்தது. எம் என்றால் மீடியம். மீடியம் என்றால் நடுத்தரம். நடுத்தரம் என்றால் நான்.

என்னைப் பார்த்த யாரும் தாமாக அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. (இப்போதைய உடம்பை வைத்துச் சொல்லவில்லை. அப்போதும் இதே கதைதான்.) எங்கள் வீட்டில் அப்பாவின் தோள் எனக்கும், அம்மாவின் இடுப்பு எனக்கும், இருவரின் பசியும் எனக்குமாக வந்து சேர்ந்திருந்தன.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாவலூரில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்ப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாமே எதிரில் வருவோம். ஆபீசில் எல்லாப் பெண்களும் ரெடிமேட் குர்த்தி போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காற்றில் மிதப்பது போல நடப்பார்கள். நான் மட்டும் எங்கள் தெரு டெய்லர் தைத்த சுடிதாரில் தலையணை உறை மாதிரி போய்வந்தேன். ஒருமுறை அவரிடம் “கொஞ்சம் ஃபிட்டா தைங்கண்ணா” என்று கேட்டேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “வேணாம்மா, நாளைக்குக் கிழிஞ்சா என் பேரு கெட்டுப்போயிடும்” என்று சொல்லிவிட்டார்.

சரி, நாமும் ரெடிமேடுக்குப் போவோம் என்று குரோம்பேட்டையில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன். அங்கே நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, விற்பனைப் பெண் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாடியின் அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தாள்.

“ஏய், டபுள் எக்ஸெல் இருக்கா பாரு!”

“யாருக்கு?”

“இந்தா, இந்த அக்காவுக்கு!”

சட்டை எடுக்க வந்த ஆண்கள், தொட்டில் துணி எடுக்க வந்த கர்ப்பிணிகள், எல்லோரும் திரும்பி இந்த அக்காவைப் பார்த்தார்கள். அந்தக் கோடியிலிருந்து தீர்ப்பு வந்தது. “சுடிதார்ல வராதுடி. நைட்டி செக்‌ஷனுக்கு அனுப்பு!”

ட்ரையல் ரூம் அனுபவங்களைத் தனிப் புத்தகமாகவே போடலாம். கை நுழைந்தால் தோள் நுழையாது. தோள் நுழைந்தால் மார்பில் நின்றுவிடும். அதிசயமாக எல்லாம் நுழைந்துவிட்டால் உடை கணுக்காலைத் தாண்டித் தரையைக் கூட்டும். அகலமானவள் நிச்சயம் உயரமாகவும் இருப்பாள் என்று கம்பெனிக்காரர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கடையின் எக்ஸெல் எனக்குத் தொளதொள என்று இருக்கும். சந்தோஷமாகப் பக்கத்துக் கடைக்குப் போனால் அங்கே அதே எக்ஸெல் தலையோடு நின்றுவிடும். ‘ஃப்ரீ சைஸ்’ என்று ஒன்று விற்பார்கள். அதை மட்டும் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

இந்த நிலைமையில்தான் எனக்கு மைமூன் அக்கா கிடைத்தார்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், தன் வீட்டு முன்னறையிலேயே துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தார் அக்கா. அவர் கணவர் திருப்பூருக்கும் பம்பாய்க்கும் போய் மூட்டை மூட்டையாகச் சரக்குக் கொண்டுவந்து போடுவார். அக்கா காலையில் வீட்டில் விற்பார். மத்தியானம் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் பேங்குகளுக்கும் போவார். டீச்சர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் அக்கா பையைத் திறப்பார்.

முதல் தடவை போனபோது, தலையைக் குனிந்துகொண்டு, “அக்கா, டபுள் எக்ஸெல் இருக்கா?” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கா? யாரு சொன்னா அப்படி? இன்னா கண்ணு, இந்த வயசுல உன்ன நீயே இப்படி நெனச்சுகினு... இந்தா, இத்த போட்டுப் பாரு.”

கதவு மூலையில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தேன். கை நுழைந்தது. தோள் நுழைந்தது. மிச்சமும் நுழைந்தது. நீளம்கூடச் சரி. கழற்றி லேபிளைப் பார்த்தேன். எம்.

அன்றைக்கு அங்கேயே இரண்டு எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஏரி முன்பைவிட அழகாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் பண்ணிய அலட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது. துவைத்த சுடிதாரை உள்பக்கம் வெளியே தெரியும்படிக் கொடியில் காயப் போடுவேன், பக்கத்து வீட்டார் லேபிளைப் பார்க்க வேண்டும் என்று. ஆபீசில், “கழுத்துல லேபிள் வெளிய வந்திருக்கா பாரேன்” என்று வாரத்துக்கு ஒருத்தியிடமாவது கேட்பேன். சாயங்கால பஜ்ஜியைப் பாதியாகக் குறைத்ததன் பலன் என்று நானே முடிவு செய்து, உடம்பு இளைப்பது எப்படி என்று மற்றவர்களுக்கு ஆலோசனையும் சொல்ல ஆரம்பித்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் விளக்கெல்லாம் சுழலும் எடை மெஷின் ஒன்று உண்டு. ஒருநாள் அதில் ஏறி நின்றேன். அது துப்பிய அட்டை பழைய எடையை விடக் கூடுதலாகச் சொன்னது. மெஷின் ரிப்பேர் என்று புரிந்துகொண்டேன்.

அந்த வருடமே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டேனியல், சேலையூர்க்காரர். மஸ்கட்டில் ஏசி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அவர் திரும்பிப் போய்விட்டார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வெள்ளிதோறும் போன் வரும். ஹாலில் அப்பா செய்தி கேட்டுக்கொண்டே எங்கள் பேச்சையும் கேட்பார். ஆகையால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டேனியல் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “பியூலா, லீவுல வரும்போது உனக்கு ஒரு டிரஸ் வாங்கிட்டு வரலாம்னு... உன் சைஸ் என்னன்னு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?”

தப்பா? இந்தக் கேள்விக்காகத்தானே நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன்!

“எம்” என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது போலும் என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்து நின்று, “ஹலோ, எம்! மீடியம்!” என்று கத்தினேன். பக்கத்து மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்தார்.

“ஓ... சரி” என்றார் டேனியல். கொஞ்சம் இடைவெளி விட்டு, “சரி, சரி” என்றார். அந்த இடைவெளியில் அந்த நல்ல மனிதர் தன் கண்ணை நம்புவதா, வரப்போகும் மனைவியை நம்புவதா என்று யோசித்து என்னை நம்ப முடிவு செய்திருக்கிறார். நான் அப்போது அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்னால் அவர் வந்து இறங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு அவர்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், அப்புறம் பிரியாணி. அப்பா அம்மாவோடு நானும் போனேன், மைமூன் அக்காவிடம் எடுத்த கிளிப்பச்சை சுடிதாரில்.

ஹாலில் பாஸ்டர் ஐயா, டேனியலின் அப்பா, அவருடைய அக்காவான பெரியத்தை, சில உறவினர்கள். என் வருங்கால மாமியார் ரோஸ்லின் டீச்சரை அந்தப் பகுதியில் தெரியாதவர்கள் குறைவு. பல வருடங்களாகக் கணக்கு டீச்சர். பெருக்கல் தப்பாகப் போட்டவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்ற பிறகும் அவரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். டாக்டர் சொன்னார் என்று அவர் சமீபத்தில் வாக்கிங் ஆரம்பித்திருந்தார். புடவையோடு வேகமாக நடக்க முடியாது என்று அதற்காக மட்டும் சுடிதார். அம்மாவிடம் நலம் விசாரித்த அடுத்த வாக்கியமே அதுதான்.

“எக்ஸெல்லுல இருந்தேங்க. நடந்து நடந்து இப்ப எல்லுக்கு இறங்கிட்டேன்!”

“ஆன்ட்டி, நானும் அப்படித்தான், எம்முக்கு வந்துட்டேன்” என்றேன் நான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். என் அம்மா மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜூஸை எடுத்துக் குடித்தார்.

டேனியல் மஸ்கட்டிலிருந்து எனக்காகக் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒயின் கலரில் தரையைத் தொடும் கவுன். முன்னால் பளபளவென்று கல் வேலை, பக்கவாட்டில் ஜிப். எல்லோரும் “ஆஹா” என்றார்கள். நானும் “ஆஹா” என்றேன். இடுப்புப் பகுதியை விரித்துப் பார்த்தேன். அது என் ஒரு தொடைக்கு வேண்டுமானால் போதும் என்று தோன்றியது. ஆனால் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். எம். அப்புறம் என்ன?

“போட்டுட்டு வரட்டுமே” என்றார் பெரியத்தை. அவர் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. “போட்டுகிட்டு வந்து நின்னா டேனியும் அவளும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம். பாஸ்டர் ஐயா, நீங்க ஜெபத்த ஆரம்பிங்க, அதுக்குள்ள வந்துடுவா.”

டேனியலின் தங்கை ஷீபா என்னை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். மெழுகுவத்தி மாதிரி இருப்பாள். கதவைச் சாத்தினோம். சுடிதார் டாப்பைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, பேன்ட்டும் ஷிம்மீஸுமாக நின்றுகொண்டு கவுனைத் தலை வழியாக மாட்டினேன்.

இரண்டு கைகளும் மேலே போயின. தலை உள்ளே போனது. அதோடு சரி. கவுனின் இடுப்பு என் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டு, இனி கீழேயும் வர மாட்டேன், மேலேயும் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது.

“அண்ணி, ஜிப்பத் திறந்தாச்சா?”

“திறந்தாச்சு” என்றேன் துணிக்குள்ளிருந்து.

“முழுசா திறந்தாச்சா?”

“ஷீபா, இதுக்கு மேல திறக்கணும்னா என்னத்தான் திறக்கணும்!”

அவள் கீழே பிடித்து இழுத்தாள். நான் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கினேன். (மாட்டிக்கொண்டிருந்தது தோளில். வயிற்றை எக்கி என்ன பிரயோஜனம் என்று அப்போது தோன்றவில்லை.) பிறகு மேலே இழுத்தாள். காதில் போட்டிருந்த ஜிமிக்கி உள்துணியில் சிக்கிக்கொண்டது. ஒயின் நிற இருட்டில், இரு கையும் தூக்கி, போலீஸிடம் சரணடைந்தவள் போல நின்றேன். ஹாலில் பாஸ்டர் ஐயா ஜெபம் ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணி, பவுடர் போட்டா வழுக்கிகிட்டு வரும்” என்றாள் ஷீபா.

நல்ல யோசனைதான். ஆனால் அவள் பயத்தில் பவுடர் டப்பாவின் மூடியையே கழற்றி மேலிருந்து கவிழ்த்துவிட்டாள். அவ்வளவும் கழுத்து வழியாக உள்ளே, என் முகத்துக்கு நேராக வந்து இறங்கியது.

வெளியே பாஸ்டர் ஐயா, “கொஞ்ச நேரம் நம்மை அமைதியாய்த் தாழ்த்துவோம்” என்றார். வீடு முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம்.

நான் தும்மினேன்.

சின்னத் தும்மல் எங்கள் பரம்பரையில் கிடையாது. தும்மலோடு சேர்ந்து, வலது அக்குளிலிருந்து ஆரம்பித்து, “டர்ர்ர்ர்ர்ர்” என்று ஒரு சத்தம். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. நிசப்தத்தில் ஹால் வரை போயிற்று. அங்கே என்ன நினைத்தார்களோ, ஜெபம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டார்களோ, மொத்தப் பேரும் “ஆமென்” என்றார்கள்.

ஷீபா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. பார்க்க முடியாவிட்டாலும் அவள் சாய்ந்திருந்த கட்டில் கிரீச்சிட்டது கேட்டது. இவ்வளவு கிழிந்தும் நான் வெளியே வரவில்லை என்பதுதான் கொடுமை. மேலே கல் வேலைப் பட்டி அப்படியே நெஞ்சைக் கவ்விக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் பவுடரில் கலந்து மாவானது. கல்யாணம் நின்றுபோனால் அப்பா என்ன செய்வார், மண்டபத்துக்காரரிடம் என்ன சொல்வார் என்றெல்லாம் அந்த இருட்டில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து மூடும் சத்தம்.

“என்ன நடக்குது இங்க?” ரோஸ்லின் டீச்சர் குரல்.

எந்தப் பெண்ணும் தன் மாமியாருக்கு இப்படிக் காட்சி தரக் கூடாது. தலை இல்லை, கை இரண்டும் உத்தரத்தை நோக்கி, முழங்காலுக்கு மேலே ஒயின் கலர், கீழே கிளிப்பச்சை.

“ஆன்ட்டி, தும்மிட்டேன்” என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது?

டீச்சர் மேஜை டிராயரிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு வந்து, “அசையாத” என்றார். பரீட்சை ஹாலில் சொல்லும் அதே குரல். இடது பக்கத் தையலைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெளிச்சம் வந்தது. பிறகு காற்று வந்தது. கடைசியாக நான் வந்தேன், முகமெல்லாம் வெள்ளையாக.

“டேனிக்கு அறிவே இல்ல. அளவு கேட்டு வாங்க மாட்டானா?”

“இல்ல ஆன்ட்டி, கேட்டாரு. எம்முனு நான்தான் சொன்னேன். நான் எம்தான் ஆன்ட்டி. வேணும்னா பாருங்க.” கட்டிலில் கிடந்த என் சுடிதார் டாப்பை எடுத்து லேபிளைக் காட்டினேன். மானம் போன பிறகும் அந்த எழுத்தை விட எனக்கு மனசு வரவில்லை.

டீச்சர் கவுனைக் கட்டிலில் விரித்தார். அதன் மேல் என் டாப்பை விரித்தார். கவுன் காணாமல் போய்விட்டது. சுற்றிலும் எல்லாப் பக்கமும் கிளிப்பச்சை.

“இதுவும் எம். அதுவும் எம்” என்றார் டீச்சர், கரும்பலகை முன்னால் நிற்பவர் போல. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என் லேபிளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நகத்தால் நிமிண்டினார். பச்சைத் துணியில் ரோஸ் கலர் நூலால் கையால் தைத்திருந்தது. அதற்கு அடியில், வெட்டி எடுத்த பழைய லேபிளின் அடிக்கட்டை தெரிந்தது. அதில் பாதி அறுந்த எக்ஸ்கள் வரிசையாக நின்றன. எத்தனை என்று நான் எண்ணவில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தன.

டீச்சரின் முகம் மாறியது. “இது யாருகிட்ட எடுத்த?”

“எங்க தெருப்பக்கம் மைமூன் அக்கான்னு ஒருத்தங்க...”

அவர் போய்க் கதவைத் தாழ் போட்டார். பீரோவைத் திறந்தார். வாக்கிங் சுடிதாரை எடுத்துக் கழுத்தைத் திருப்பினார். எல். ரோஸ் கலர் நூல்.

“ஸ்கூலுக்கு வருவா” என்றார் மெதுவாக. “லஞ்ச் டயத்துல.”

டீச்சர் அந்தச் சுடிதாரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விடிகாலையில் எழுந்து சேலையூர் ஏரிப் பக்கம் நடந்த நடையெல்லாம் அவர் கண் முன்னால் ஓடியிருக்க வேண்டும்.

“அப்போ அம்மா, நீ எல்லுக்கு இறங்கவே இல்லியா?” என்றாள் ஷீபா.

“ஷீபா, இந்த ரூம்ல நடந்தது வெளிய போச்சு, நீ காலேஜுக்கே போக மாட்ட.”

கதவைத் தட்டினார்கள். பெரியத்தை. “என்ன ரோஸ்லின், இன்னுமா? பிரியாணி ஆறுது.”

டீச்சர் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். கிளிப்பச்சை டாப்பை மாட்டிவிட்டு, கவுனைச் சுருட்டி பீரோவுக்குள் திணித்துப் பூட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். எல்லோரும் ஒயின் கலரை எதிர்பார்த்து நிமிர்ந்தார்கள்.

“டிரஸ் பிரமாதமா இருக்கு” என்றார் டீச்சர். “ஆனா நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ள வாங்கின துணிய பொண்ணு உடம்புல போடக் கூடாது. எங்க அம்மா வீட்டு வழக்கம்.”

டேனியல் விழித்தார். “அப்படி ஒரு வழக்கமா? நான் கேள்விப்பட்டதே இல்லியேம்மா.”

“நீ மஸ்கட்ல இருந்த. உனக்கு என்ன தெரியும்?”

“அந்தச் சத்தம்...?”

“பழைய பெட்ஷீட். சாப்பிட வாங்க எல்லாரும்.”

கணக்கு டீச்சர் சொன்னால் அது விடைத்தாள். பெரியத்தை தலையை ஆட்டினார். பாஸ்டர் ஐயா, “நல்ல ஒழுங்கு, நல்ல ஒழுங்கு” என்றார். நான் பிரியாணி இலை முன்னால் உட்கார்ந்தேன். டீச்சர் பரிமாறிக்கொண்டே வந்தவர் என் இலையில் இரண்டாவது முட்டையை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். இந்த மனுஷிக்கு மருமகளாவதற்காக அந்தக் கவுனில் இன்னொரு முறைகூட மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் மாமியாரும் மருமகளும் ஷேர் ஆட்டோவில் பீர்க்கன்கரணைக்குப் படையெடுத்தோம். கவுன் ஒரு பையில், சுடிதார்கள் ஒரு பையில்.

மைமூன் அக்கா எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். “டீச்சரம்மா! பியூலா! நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?”

“இனிமேதான். அதுக்கு முன்னாடி ஒரு கணக்குக் கேக்கணும்” என்று டீச்சர் லேபிளைத் திருப்பிக் காட்டினார்.

அக்கா மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எங்களை உட்காரவைத்து, டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“இன்னா பண்ண சொல்றீங்க டீச்சரம்மா? டபுள் எக்ஸெல்லுனு போட்டுகினு வந்துச்சு பண்டலு. மாசக்கணக்கா ஒருத்தி தொடல. எடுப்பாங்க, போடுவாங்க, கண்ணாடில பாத்து சிரிப்பாங்க, கழட்டி லேபிள பாப்பாங்க, மூஞ்சி சுருங்கிடும், வெச்சிட்டு பூடுவாங்க. துணி அதே துணிதான். ஒரு நாளு லேபிள வெட்டிட்டு எம்மு வெச்சேன். அன்னைக்கே பண்டல் காலி. நான் யாருக்கும் கெடுதல் பண்ணல. நீங்க சொல்லுங்க, துணி உங்களுக்கு செட்டாச்சா, இல்லியா?”

செட்டாகியிருந்தது. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை வேறெந்தக் கடைத் துணியும் எங்களுக்கு அப்படிச் சேர்ந்ததில்லை. இரண்டு பேரும் டீயைக் குடித்தோம்.

“அப்போ எஸ்ஸுனே போட்டிருக்கலாமே?” என்றேன் எரிச்சலாக.

“சேச்சே” என்றார் அக்கா, உண்மையிலேயே புண்பட்டவராக. “அது பொய்யி ஆயிடும் கண்ணு.”

முதலில் சிரித்தது டீச்சர்தான். வகுப்பில் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்று பெயர் எடுத்தவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அப்புறம் நானும். சண்டை போடப் போன நாங்கள் ஆளுக்கு இரண்டு சுடிதார் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அக்கா பில் போடும்போது மரியாதையாகக் கேட்டார். “லேபிள எடுத்துடட்டுமா டீச்சரம்மா?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “இருக்கட்டும். குத்தல.”

கவுனை அக்காவே வாங்கி வைத்துக்கொண்டு, அதே நிறத்தில் சாட்டின் துணி தேடிப் பிடித்து, இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு விருந்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். டேனியல் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “பாத்தியா, சொன்ன சைஸை வெச்சு எவ்ளோ கரெக்டா எடுத்திருக்கேன்!” ஷீபா தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்கு ஓடினாள். அவர் பாவம், பல மாதம் அந்தப் பெருமையிலேயே இருந்தார். அப்புறம் நான்தான் மனசு கேட்காமல் சொன்னேன். இன்று வரை கடையில் அவரிடம் இடுப்பளவு கேட்டால், “மைமூன் அக்கா கணக்குலயா, நெஜமாவா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஆனால் அந்த வழக்கம் இருக்கிறதே, அதைத்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவளுடைய மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து மயில் கழுத்து நிறத்தில் ஒரு கவுன் வாங்கி அனுப்பினார். நிஜமான எம். அவளுக்கு அளந்து தைத்த மாதிரி இருந்தது. பெரியத்தை குறுக்கே வந்து நின்றுவிட்டார். “கல்யாணத்துக்கு முன்னாடியா? நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு?”

ஷீபா அம்மாவிடம் ஓடினாள். “அம்மா, நீயாவது உண்மையச் சொல்லேன்!”

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தவில்லை. “வழக்கம்னா வழக்கம்தான்” என்றார். வாக்கிங் கதையெல்லாம் இனி யார் ஆரம்பத்திலிருந்து சொல்வது?

“எல்லாம் உங்களாலதான் அண்ணி!” என்று ஷீபா என்மேல் பாய்ந்தாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னிடம் ஒரு டிரஸ் வசூலிக்கிறாள்.

போன மாதம் டேனியலின் சித்தப்பா மகனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் முன்னால் பெரியத்தை நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வழக்கத்தை எடுத்துச் சொன்னார். அது இப்போது திருநெல்வேலியில் நான்கு தலைமுறையாக இருந்து வருகிறதாம். மீறிய ஒரு குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்றுகூட ஒரு கதை சேர்ந்திருந்தது. பெண்ணின் அம்மா பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். டேனியல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மாமியார் மின்விசிறியைப் பார்த்தார்.

பெரியத்தை என் பக்கம் திரும்பினார். “ஏன் பியூலா, உனக்கும் அப்படித்தான செஞ்சோம்?”

“ஆமா பெரியத்தை. ரொம்பக் கண்டிப்பா செஞ்சீங்க” என்றேன்.